கதவைத் தட்டுவதற்கு முன்: மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் மனக்காயம் அறிந்து வேலை செய்ய ஒரு வழிகாட்டி

தில்லியின் வடக்கு ஓரத்தில், குடிசை இடிபட்டவர்களுக்கு ஒதுக்கிய ஒரு மறுகுடியமர்வு அடுக்ககம். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டுப் படிவம், கூட ஓர் இளைஞர். தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகள் இருக்கிறார்களா என்று கேட்கப் போயிருந்தோம். கதவைத் திறந்த அக்கா எங்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் பை. ஆதார், வோட்டர் ஐடி, ரேஷன் கார்டு, பழைய மின்கட்டண ரசீது, அலாட்மென்ட் லெட்டர் என்று எல்லாவற்றையும் வரிசையாகத் தரையில் பரப்பினார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்," என்றார். குரல் நடுங்கியது.

நாங்கள் இன்னும் எதுவுமே கேட்கவில்லை.

அன்றைக்குத் தப்பு செய்தது நாங்கள்தான் என்று புரிய எனக்குச் சில மாதங்கள் ஆயின. வீடு இடிபட்டவர்களுக்குச் சேவை செய்யப் போகிற நாம் எல்லாரும், அங்கன்வாடி ஊழியர், ஆஷா சுகாதார ஊழியர், வீட்டுவசதி அலுவலர், தமிழ்ச் சங்கத் தன்னார்வலர், யாராக இருந்தாலும், இடித்தவர்கள் வந்த அதே மாதிரிதான் போய் நிற்கிறோம். அதே படிவம், அதே அடையாள அட்டை, அதே அவசரம். இதை மாற்றுவது எப்படி என்பதுதான் இந்த வழிகாட்டி. பெரிய நிதி வேண்டியதில்லை. ஆனால் பழக்கத்தை மாற்றவேண்டும், அது நிதி வாங்குவதைவிடக் கஷ்டம்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்

தில்லியில் 'ட்ராமா' என்று சொன்னால் ஆட்டோக்காரர் எய்ம்ஸ் ட்ராமா சென்டர் பக்கம் வண்டியைத் திருப்புவார். உடம்பில் அடிபட்டதற்கு மட்டும்தான் இங்கே அந்தச் சொல் பழக்கம். நம் மக்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "கண்ணை மூடுனா அந்தச் சத்தம்தான்." "இந்த வீட்டுல மனசே ஒட்டல." பிள்ளை இரவில் அலறி எழுந்தால் "பயந்த கோளாறு". இவை எல்லாவற்றையும் சேர்த்து இங்கே மனக்காயம் என்று எழுதுகிறேன்.

இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்படுவது அமெரிக்க அரசின் மனநல அமைப்பான சாம்ஸா 2014-இல் வெளியிட்ட வரையறை. மனக்காயம் எவ்வளவு பரவலானது என்று உணர்வது, அதன் அறிகுறிகளை அடையாளம் காண்பது, அதற்கேற்ப நம் நடைமுறையை மாற்றுவது, மறுபடியும் காயப்படுத்தாமல் இருப்பது என நான்கு விஷயங்களை அது சொல்கிறது. நான்காவதைப் பிடித்துக்கொண்டாலே மற்ற மூன்றும் பின்னால் வந்துவிடும் என்பது என் கருத்து.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்போம். அரண்டவனைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆனால் இங்கே பேய் உண்மையாகவே வந்தது, பட்டப்பகலில், மஞ்சள் நிறத்தில், நம்பர் பிளேட்டோடு. அதைப் பார்த்தவர் அடுத்த முறை யார் வந்தாலும் அரண்டுதான் போவார். அது அவருடைய கோளாறு இல்லை.

அமெரிக்க உளமருத்துவர் மிண்டி ஃபுல்லிலவ், நகரப் புதுப்பிப்பு என்ற பெயரில் கறுப்பின மக்களின் குடியிருப்புகள் இடிக்கப்பட்டதை ஆராய்ந்தவர். அதனால் வரும் பாதிப்புக்கு அவர் தோட்டக்காரர்களின் சொல் ஒன்றை எடுத்துக்கொண்டார்: இடம் மாற்றி நட்ட செடியின் வேருக்கு நேரும் அதிர்ச்சி. நாற்று நட்ட கைகளுக்கு இது புதிதில்லை. பிடுங்கி நட்ட நாற்று முதல் சில நாள் மஞ்சளித்துத் துவண்டுதான் நிற்கும். யாரும் அதைத் திட்டுவதில்லை. வயலில் தண்ணீர் நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

முதல் படி: என்ன நடந்தது என்று அவர்களைக் கேட்காமலே தெரிந்துகொள்ளுங்கள்

குடியிருப்புக்குள் காலெடுத்து வைக்கும் முன் ஒரு வாரம் இதற்கு ஒதுக்குங்கள். மக்கள் ஏற்கெனவே சர்வேக்காரர், பத்திரிகைக்காரர், வக்கீல், ஆராய்ச்சி மாணவர் என்று பத்துப் பேரிடம் தங்கள் கதையைச் சொல்லிக் களைத்திருப்பார்கள். பதினொன்றாவது ஆளாக நீங்கள் போக வேண்டாம். நீதிமன்ற உத்தரவுகளும் செய்தித்தாள்களும் எல்லாருக்கும் கிடைப்பவை.

உதாரணமாக, ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய் ஓரம் இருந்த மதராசி கேம்ப். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த இடம். கால்வாய் அடைப்பை நீக்கவேண்டும் என்ற தில்லி உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள். அவற்றில் ஒரு பகுதிக் குடும்பங்களுக்குத்தான் நரேலாவில் அடுக்ககம் ஒதுக்கப்பட்டது. நரேலா அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

இந்த ஒரு பத்தியிலேயே நீங்கள் கவனிக்க வேண்டியவை ஒளிந்திருக்கின்றன. 'ஒரு பகுதிக் குடும்பங்கள்' என்றால் அண்ணன் தகுதிப் பட்டியலில் இருந்து தம்பி இல்லாமல் போயிருக்கலாம். தில்லியின் 2015-ஆம் ஆண்டு மறுகுடியமர்வுக் கொள்கைப்படி, ஜுக்கிக் (குடிசைக்) குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இருக்கவேண்டும், தனி ஜுக்கி 2015 ஜனவரி 1-க்கு முன் கட்டியதாக இருக்கவேண்டும். ஆவணத்தில் ஒரு பெயர்ப்பிழை போதும், ஒரு வாழ்நாள் செல்லாமல் போக. எனவே வீடு கிடைத்தவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுவிட்டு வந்த குற்ற உணர்ச்சி அங்கே இருக்கலாம்.

நகரத்தின் பழைய கதையையும் சேர்த்துப் படியுங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 முதல் 1977 வரை, தில்லியில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் பெயர்க்கப்பட்டார்கள். திரிலோக்புரி, மங்கோல்புரி, சுல்தான்புரி எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். உங்கள் எதிரில் நிற்கும் பாட்டிக்கு இது இரண்டாவது இடிப்பாகவும் இருக்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் அலுவலகத்துக்கு நீங்களே ஒரு மனுதாரராகப் போங்கள்

ஒரு நாள், அடையாள அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி உங்கள் அலுவலகத்துக்கு வாருங்கள். போகும் வழியெல்லாம் எண்ணுங்கள். எத்தனை இடத்தில் 'எதுக்கு வந்தே?' என்று ஒருமையில் கேட்கிறார்கள்? ஒரே விஷயத்தை எத்தனை பேரிடம் சொல்லவேண்டியிருக்கிறது? உட்கார நாற்காலி உண்டா? பெண்களுக்குக் கழிப்பறை உண்டா, பூட்டியிருக்கிறதா? வாசலில் நிற்கும் காவலாளி கையில் லத்தி எதற்கு?

பிறகு அந்தப் புகழ்பெற்ற வாசகம்: 'கல் ஆனா.' இந்தியில் கல் என்றால் நேற்றும்தான், நாளையும்தான். தமிழில் கல் வெறும் கல். எந்த நாள் என்று சொல்லாமல் 'நாளை வா' என்று திருப்பி அனுப்புவது, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர் தலையில் விழும் கல்தான்.

மாற்றவேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். யார் வந்தாலும் ஒரு பர்ச்சி (துண்டுச் சீட்டு) கொடுங்கள்: எதற்காக வந்தார், யாரைப் பார்த்தார், அடுத்து எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு வரவேண்டும். கோப்பில் நடந்ததை ஒருமுறை சுருக்கமாக எழுதிவையுங்கள், அடுத்த மேசைக்காரர் அதைப் படித்துக்கொள்ளட்டும், மறுபடி கதை கேட்க வேண்டாம். மூல ஆவணத்தை வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். கண்ணெதிரே நகல் எடுத்து, அந்த இடத்திலேயே கையில் திருப்பிக் கொடுங்கள். அந்த பிளாஸ்டிக் பை கைவிட்டுப் போகும் ஒவ்வொரு நிமிடமும் அவர்களுக்கு மூச்சு நிற்கும் நிமிடம்.

மூன்றாம் படி: கதவைத் தட்டுவது

இதுதான் எல்லாவற்றுக்கும் நடு. ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இடிப்புக்கு முந்தைய வாரங்களில் என்னென்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ வந்து சுவரில் பெயின்டால் எண் எழுதுவார்கள். டேப் பிடித்து அளப்பார்கள். குடும்பத்தை வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுப்பார்கள். விரல் ரேகை வாங்குவார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள், பெரும்பாலும் படிக்கத் தெரியாத மொழியில். போலீஸ் வண்டி வந்து நின்றுவிட்டுப் போகும். கடைசியில் ஜேசிபி.

இப்போது நம் சேவைகளைப் பாருங்கள். டெங்கு தடுப்பு ஊழியர் சுவரில் சாக்பீஸால் குறி போடுகிறார். பராமரிப்புப் பொறியாளர் டேப்போடு வருகிறார். நலத்திட்ட சர்வேக்காரர் குடும்பத்தைப் போட்டோ எடுக்கிறார். சாக்கடைக் குழாய் மாற்ற ஜேசிபி வருகிறது. எல்லாம் நல்லதற்குத்தான். ஆனால் வீட்டுக்குள் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்?

எங்கள் குழு நாளடைவில் கற்றுக்கொண்ட சில நடைமுறைகள் இவை. சுவரிலோ கதவிலோ எந்த எண்ணும், எந்தக் குறியும் எழுதுவதில்லை. கணக்கு எங்கள் நோட்டில் இருக்கும். அளவெடுக்க வேண்டுமானால் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுவோம், டேப்பின் மறுமுனையை வீட்டுக்காரர் கையிலேயே கொடுப்போம். போட்டோ எடுக்க அவசியமில்லை என்றால் எடுப்பதில்லை. தேவைப்பட்டால் எடுத்ததை அவருக்கே காட்டி, யாருக்கு அனுப்பப் போகிறோம் என்று சொல்வோம். ஜேசிபி வரப்போகிறது என்றால் மூன்று நாள் முன்பே மாடிமாடியாகப் போய் "குழாய் மாத்தத்தான் வருது, வீட்டுக்கு இல்லே" என்று வாயால் சொல்வோம். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வரச்சொல்வோம். போலீஸ் துணையோடு எந்த நலப்பணிக்கும் போவதில்லை.

அறிவிப்புத் தாளில் ஐந்து விஷயங்கள் இருந்தால் போதும்: யார் வருகிறார்கள், என்று எத்தனை மணிக்கு, எதற்கு, எதற்கு இல்லை, சந்தேகம் இருந்தால் யாரைக் கூப்பிடவேண்டும். இந்த 'எதற்கு இல்லை' என்பதை யாரும் எழுதுவதில்லை, ஆனால் அவர்கள் தேடுவது அந்த வரியைத்தான். தமிழிலும் இந்தியிலும் எழுதுங்கள். தில்லியில் பிறந்த நம் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பாட்டிமாருக்கு இரண்டுமே படிக்க வராது. எனவே அதே அறிவிப்பை அரை நிமிடக் குரல் பதிவாக வாட்ஸ்அப்பில் போடுங்கள், குடியிருப்பில் எல்லாருக்கும் பழகிய ஒரு குரலில்.

கதவைத் தட்டியபின் பேசவேண்டியது ஏறக்குறைய இப்படி:

"வணக்கம்க்கா. தடுப்பூசி விஷயமா வந்திருக்கோம். வீட்டைப் பத்தியோ பேப்பரைப் பத்தியோ இல்லே, அதெல்லாம் எடுக்க வேண்டாம். அஞ்சு நிமிஷம் ஆகும். இப்ப தோது இல்லேன்னா சொல்லுங்க, சாயங்காலம் வர்றோம். வேண்டாம்னாலும் பரவாயில்லே, அதனால உங்களுக்கு எதுவும் நின்னு போகாது."

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். கதவிலிருந்து இரண்டடி தள்ளி நில்லுங்கள், மாடிப்படிக்குப் போகும் வழியை மறைக்காதீர்கள். அவர் கூப்பிட்ட பின் உள்ளே போங்கள், அதுவும் செருப்பைக் கழற்றிவிட்டு. தில்லியில் ஜாக்கெட்டும் பூட்ஸுமாக வேலைக்குப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பூட்ஸ் காலோடு வீட்டுக்குள் வந்தவர்களை அந்த வீடு ஏற்கெனவே பார்த்திருக்கிறது.

நான்காம் படி: தோண்டாமல் கேட்பது

'மனசு விட்டுப் பேசினால் சரியாகிவிடும்' என்று நம்பி, முதல் சந்திப்பிலேயே இடிப்பு நாளை விலாவாரியாகச் சொல்லவைப்பவர்கள் உண்டு. நல்லெண்ணம்தான், ஆனால் ஆபத்து. நடந்ததை ஒரே அமர்வில் விவரமாகச் சொல்லவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அது வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி மூன்றே சொல்லில் அடங்கும்: பார், கேள், இணை. என்ன தேவை என்று பார்ப்பது, அவர் சொல்ல விரும்பியதைக் கேட்பது, உதவி கிடைக்கும் இடத்தோடு இணைத்துவிடுவது. அவ்வளவுதான்.

சொல்லக்கூடாத வாக்கியங்கள் சில நம் நாக்கிலேயே உட்கார்ந்திருக்கின்றன. "போனது போகட்டும்." "பக்கா வீடு கிடைச்சிருக்கே, அப்புறம் என்ன?" "எல்லாம் விதி." "ஊருக்கே போயிருக்கலாம்ல?" கடைசிக் கேள்வி மிக மோசம். இரண்டு தலைமுறையாகத் தில்லியில் வாழ்ந்தவருக்கு எது ஊர்? இவற்றுக்குப் பதில் "அது சுலபமில்லேதான்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பது நமக்கு வராத வித்தை. பழகிக்கொள்ள வேண்டும்.

வயதுக்கேற்ப அக்கா, அம்மா, அண்ணே என்று கூப்பிடுங்கள், 'நீங்க' என்றே பேசுங்கள், வீட்டுவேலைக்குப் போகிறவர் என்பதற்காக ஒருமைக்கு இறங்காதீர்கள். இன்னொன்று: அம்மாவுக்கு இந்தி சரியாக வராது என்பதால் பத்து வயதுப் பெண்ணை மொழிபெயர்க்க வைக்கும் வழக்கம் எங்கும் உண்டு. அம்மா தூங்காமல் அழுததையும், அப்பா குடித்துவிட்டு அடித்ததையும் அந்தக் குழந்தை இந்தியில் திருப்பிச் சொல்லவேண்டியிருக்கும். தமிழ் தெரிந்த பெரியவர் ஒருவரைப் போனிலாவது பிடியுங்கள்.

ஐந்தாம் படி: பஸ், பூட்டு, தண்ணீர்

மனநலப் பயிற்சி பெற்று வந்தவர்கள் இந்தப் படியைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பயம் குறைய முதலில் வேண்டியது நாளை என்ன நடக்கும் என்ற நிச்சயம். அந்த நிச்சயம் பஸ் நேரத்திலும் தண்ணீர் நேரத்திலும் இருக்கிறது.

தெற்குத் தில்லியில் 'கோட்டி' எனப்படும் பங்களாக்களில் வீட்டுவேலை செய்துகொண்டிருந்த பெண் நரேலாவுக்குப் போனால் என்ன ஆகும்? பஸ் பிடித்து சமய்பூர் பாத்லி மெட்ரோ, மஞ்சள் லைனில் காஷ்மீரி கேட், அங்கே மாறி ஊதா லைனில் ஜங்புரா. காலை ஏழு மணிக்குப் பாத்திரம் தேய்க்க நிற்கவேண்டுமென்றால் இருட்டோடு கிளம்பவேண்டும். பெண்களுக்கு இலவசம் என்பதால் டிடிசி அரசு பஸ்ஸில் காசு மிச்சமானாலும் மெட்ரோவில் டிக்கெட் உண்டு. இப்படிப்பட்டவருக்குப் புதன்கிழமை பதினொரு மணிக்கு ஆலோசனைக் கூட்டம் வைத்துவிட்டு 'மக்கள் ஒத்துழைப்பு இல்லை' என்று அறிக்கை எழுதுவது அநியாயம். ஞாயிறு மாலை வையுங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வையுங்கள். முதல் கூட்டத்தின் பொருளே 'எந்த நேரத்துக்கு என்ன பஸ் வேண்டும்' என்பதாக இருக்கட்டும், போக்குவரத்துத் துறைக்கான மனுவை அங்கேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பூட்டு விஷயம். பழைய பஸ்தியில், அதாவது குடிசைப் பகுதியில், கதவு திறந்தே கிடக்கும், பத்து வீட்டுக் கண் காவல். அடுக்ககத்தில் முகம் தெரியாத மாடிப்படி. கதவுக்கு நல்ல தாழ்ப்பாள், படிக்கட்டில் எரியும் விளக்கு, ஓடுகிற லிஃப்ட் ஆகிய மூன்றும் சிகிச்சைதான். முதியவர்க்கும் மாற்றுத்திறனாளிக்கும் கீழ்த்தளம். வீடு ஒதுக்கும் குலுக்கலில் சிதறிய பக்கத்து வீட்டுக்காரர்கள் பரஸ்பரம் மாற்றிக்கொள்ள விரும்பினால் விதி இடம் கொடுக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒதுக்கீட்டுக்கு முன்னாலேயே நீங்கள் உள்ளே இருந்தால், குழுவாகக் குலுக்கல் நடத்தச் சொல்லிக் கேளுங்கள்.

கோலம் போட, அடுப்பு வைத்துப் பொங்க, சாமி வைக்க இடம் வேண்டும். 'பொது இடத்தில் ஆக்கிரமிப்பு' என்று கிளம்பும் அலுவலரைத் தடுத்து நிறுத்துவதும் உங்கள் வேலை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளில் ஒன்றும் நரேலா பக்கம் இல்லை. தமிழ் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு வாரம் இரண்டு மாலை யாராவது வந்து தமிழ் சொல்லித்தந்தால், பள்ளியோடு சேர்ந்து தொலைந்ததில் ஏதோ ஒன்று திரும்பி வரும். தமிழ்ச் சங்கங்களுக்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரிந்து இல்லை. போர்வை வழங்கி போட்டோ பிடிப்பதைவிட நிச்சயமாக நல்ல வேலை.

ஆறாம் படி: அங்கே வாழ்பவர்களையே வேலைக்கு வையுங்கள், சம்பளத்தோடு

சான்பிரான்சிஸ்கோவின் போட்ரேரோ குன்றில் உள்ள அரசுக் குடியிருப்பை மாற்றியமைக்கும்போது, பிரிட்ஜ் ஹவுசிங் என்ற நிறுவனம் 2014-இல் மனக்காயம் அறிந்த சமூகப்பணிக்கு ஒரு மாதிரியை எழுதிவைத்தது. ஏமாந்து ஏமாந்து பழகிய மக்களிடம் பெரிய கனவைச் சொன்னால் எடுபடாது, சின்ன வேலையைத் தொடர்ந்து செய்தால் எடுபடும் என்பதுதான் அதன் சாரம். பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்துப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப்போவது அங்கே நடந்த வேலைகளில் ஒன்று. அதைக் குடியிருப்புவாசிகளே செய்தார்கள்.

நம் குடியிருப்பில் அப்படி நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். குடியிருப்புத் தலைவரான பிரதான் சொல்லும் ஆட்களை மட்டும் எடுக்காதீர்கள். பிரதான் பயனுள்ளவர்தான், ஆனால் அவர் எல்லாருடைய வாயும் இல்லை. பேசாத சாதி, வாடகைக்கு இருந்தவர், கணவர் இல்லாத பெண் ஆகியோர் அவர் பட்டியலில் கடைசியில்தான் வருவார்கள். சம்பளம் அவசியம். 'சேவை மனப்பான்மை' என்று சொல்லி ஏழைப் பெண்களிடம் இலவசமாக வேலை வாங்குவது எனக்கு ஒப்பாது.

ஏழாம் படி: நம் கைக்கு மீறும்போது

படபடப்பு என்றாலே மனசு என்று முடிவு கட்டவேண்டாம். ரத்தசோகையும் தைராய்டும் அதே படபடப்பைத் தரும். முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலைக்குப் போகமுடியவில்லை, குடி அதிகமாகிவிட்டது, பிள்ளை பேச்சையே நிறுத்திவிட்டது என்றால் அதற்கான மருத்துவ உதவி வேண்டும். அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி-மானஸ் 14416 இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து முதல் அழைப்பைப் போட்டுக் கொடுங்கள். நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அது பிளாஸ்டிக் பைக்குள்தான் போகும். நேரில் பார்க்க தில்ஷாத் கார்டனில் இஹ்பாஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது, ஆனால் நரேலாவிலிருந்து நகரத்தின் மறுகோடி. முதல்முறை கூடப் போக ஒருவர் வேண்டும்.

உயிரை விட்டுவிடுவாரோ என்ற சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள், உடனே 14416 அல்லது அவசர உதவி எண் 112. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098. தகுதிப் பட்டியலில் விடுபட்டவர்க்குச் சட்ட உதவி 15100. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசச் சட்ட உதவி பெறலாம், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது.

தாயத்து, மந்திரிப்பு, வேப்பிலை அடிப்பதைக் கேலி செய்யாதீர்கள். "மந்திரிச்சுட்டு வாங்கம்மா, அப்படியே டாக்டரையும் ஒரு எட்டுப் பார்த்துடுவோம்" என்றால் இரண்டும் நடக்கும்.

எட்டாம் படி: ஊழியர்கள்

சர்வே எடுத்த ஒப்பந்த ஊழியர்களில் சிலர் தாங்களே ஜுக்கியில் வாழ்பவர்கள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் எண் எழுதிவிட்டு மாலை தன் சுவரைப் பார்க்கப் போவார்கள். இவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள், எப்போதும் இருவர். வேலை முடிந்து கிளம்பும் முன் பத்து நிமிடம் டீயோடு உட்கார்ந்து, 'இன்னைக்கு எது மனசுல நிக்குது' என்று ஒரு சுற்று. மேலதிகாரியும் அதில் உட்காரவேண்டும், உட்கார்ந்து உபதேசம் செய்யாமல் இருக்கவேண்டும்.

ஒன்பதாம் படி: எதை எண்ணுவது

எத்தனை பேருக்கு ஆலோசனை கொடுத்தோம் என்பதை எண்ணவேண்டாம். ஒரு வேலை முடிய ஒருவர் எத்தனை முறை அலைந்தார், புகாருக்கு எத்தனை நாளில் பதில் வந்தது, சொன்ன தேதியில் எத்தனை முறை போனோம் என்று எண்ணுங்கள். பதில் வராத புகாருக்கு 10 ரூபாயில் தகவல் அறியும் உரிமை மனு போடலாம், 30 நாளில் பதில் வரவேண்டும். அதை எழுத மக்களுக்கு உதவுங்கள், உங்கள் அலுவலகத்துக்கு எதிராக இருந்தாலும்.

ஒரு எச்சரிக்கை இங்கே. இந்த முறைகளைக் கற்றுக்கொண்டு இதமாக இடிப்பது எப்படி என்று யாராவது யோசித்தால் அதற்குத் துணை போகாதீர்கள். 2010-இல் சுதாமா சிங் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், அகற்றும் முன் சர்வே எடுக்கவும் மக்களோடு கலந்து பேசவும் வேண்டும் என்றது. வீட்டுரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளராக இருந்த மிலூன் கோத்தாரி 2007-இல் முன்வைத்த நெறிமுறைகள், கடும் வானிலையிலும் இரவிலும் பண்டிகை நாளிலும் தேர்வு நேரத்திலும் யாரையும் வெளியேற்றக் கூடாது என்கின்றன. இனிய குரலில் பேசும் ஊழியர் ஒருவரை முன்னால் நிறுத்திவிட்டால் இவை நிறைவேறியதாக ஆகாது.

சொன்ன தேதி பற்றி ஒன்று. ஒரு செவ்வாய்க்கிழமை வருவதாக ஒட்டியிருந்தோம். வண்டி பழுதாகி வரமுடியவில்லை. புதன்கிழமை போய் நாற்பது கதவையும் தட்டி, "நேத்து வர்றதாச் சொல்லி வரலே, தப்பு எங்க மேலதான்" என்று சொன்னோம். பலர் விழித்தார்கள். இரண்டாவது மாடியில் ஒரு தாத்தா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வரலேன்னு சொல்ல வந்த ஆளுங்களை இப்பத்தான் பாக்குறேன்," என்றார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஓடாத லிஃப்ட்டைப் பற்றி அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார். பிளாஸ்டிக் பையை எடுக்கவில்லை.